செல்லோ தனி இசை: எதில் தொடங்குவது, எப்படிக் கேட்பது

செல்லோ என்பது உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வில்லால் இழுக்கிற, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம். அந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது மூன்று மணி நேரத் தொகுப்புகள்தான். படிக்கும்போது கேட்க ஒன்று, தூங்கும்போது கேட்க ஒன்று, மழைச் சத்தத்தோடு ஒன்று. அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஆனால் அப்படிக் கேட்டுச் செல்லோவைப் பழகிக்கொள்ள முடியாது என்பது என் தீர்மானமான எண்ணம். பின்னணியில் ஓடுகிற இசை பின்னணியிலேயே நின்றுவிடும். இந்த வாத்தியத்துக்காக முந்நூறு வருஷமாக எழுதப்பட்டதில் மிகச் சிறந்தவை சில, ஒரே ஆள் மேடையில் உட்கார்ந்து, பக்கத்தில் பியானோகூட இல்லாமல் வாசிக்கிறவை. அவற்றை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் பாதிகூடக் காதில் விழாது. அதனால் நிறையக் கேட்காதீர்கள், கொஞ்சத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கீழே சொல்லும் வழி முழுக்க இதை வைத்துத்தான் போகிறது.

இதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம் ஆட்கள் இருக்கிற இடங்களில் கோயிலில் தேவாரமும் தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டும் கேட்டு வளர்ந்த காதுகள் இருக்கின்றன, கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் கேட்ட காதுகள் இருக்கின்றன. மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர்கள் குறைவு. அது ஒரு தடையே கிடையாது. ஒரே குரல் பாடுகிற ஒரே வரியை, அதன் ஏற்ற இறக்கத்தோடு, கடைசிவரை பின்தொடரத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதலில் கேட்கிற கருவி

போன் ஸ்பீக்கரில் செல்லோ கேட்காதீர்கள். செல்லோவுக்கு நான்கு தந்திகள்: கீழிருந்து சி, ஜி, டி, ஏ. அடித் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், மேல் தந்தி 220 ஹெர்ட்ஸ். போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரால் இந்தக் கீழ்ப் பகுதியை எழுப்பவே முடியாது. மேலே வரும் உபசுரங்களை வைத்து நம் காது அதை ஊகித்துக்கொள்கிறதே தவிர, மரம் அதிர்கிற அந்தக் கனம் வந்து சேராது. விலை உயர்ந்தது வேண்டாம், காதை மூடுகிற சாதாரண ஹெட்போன் போதும். டேட்டா செலவு நமக்குத் தெரிந்ததுதான், கரண்ட் போகும் நேரமும் தெரிந்ததுதான், அதனால் கேட்க வேண்டியதை வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவில் இருப்பது ச-ப இடைவெளி. அடித் தந்தியை ச என்று வைத்தால் அடுத்தது ப. அந்தப் ப-வை ச என்று வைத்தால் அதற்கடுத்தது அதன் ப. இப்படியே மேலே போகிறது. செல்லோவுக்குச் சுருதி சேர்க்கிற காணொளி ஒன்றில் நான்கு தந்திகளையும் வெறுமனே இழுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து நாலைந்து தடவை கேளுங்கள். எந்தத் தந்தி எந்தக் குரல் என்று பிடிபட்டுவிட்டால், பின்னால் ஒரு பாட்டு அடித் தந்திக்கு இறங்கும்போது உடனே தெரியும். ஆண் குரலின் அடியிலிருந்து பெண் குரலின் உச்சம்வரை செல்லோவுக்கு எட்டும். பலருக்கும் அது பாடுவது போலவே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தனி என்று எதைச் சொல்கிறார்கள்

தொகுப்புகளில் மூன்று விதமானவை கலந்து கிடக்கும், பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. துணையே இல்லாமல் செல்லோ மட்டும் வாசிப்பது ஒன்று, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய சூட்கள் (பல நடனப் பகுதிகளை ஒன்றாகக் கோத்த படைப்புகள்) அந்த வகை. பியானோ துணையோடு வாசிக்கிற சிறு பாடல்கள் இன்னொன்று. முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற கன்சர்ட்டோ மூன்றாவது. கன்சர்ட்டோவில் தொடங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. எல்கர் 1919-ல் எழுதிய இ மைனர் கன்சர்ட்டோவும், அதை 1965-ல் இருபது வயதில் ஜாக்லின் டு ப்ரே என்ற செல்லோ கலைஞர் பதிவு செய்ததும் உலகமே கொண்டாடுகிறவை, கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எண்பது பேர் வாசிக்கும்போது புதுக் காது செல்லோவைத் தவறவிட்டுவிடும். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் பாட்டு: பாக், ஒன்றாம் சூட், பிரெல்யூட்

யோகான் செபாஸ்டியன் பாக் செல்லோவுக்கென்று ஆறு சூட்கள் எழுதினார், சுமாராக 1717-க்கும் 1723-க்கும் இடையில், ஜெர்மனியின் கோத்தன் அரண்மனையில் வேலை பார்த்த காலத்தில். பாக் படைப்புகளின் பட்டியலில் ஒன்றாம் சூட்டின் எண் பி.டபிள்யூ.வி. (BWV) 1007. இந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சரியானதே வரும். அதன் முதல் பகுதியான பிரெல்யூட் இரண்டரை நிமிஷம் அளவுக்குத்தான் இருக்கும், பல படங்களிலும் விளம்பரங்களிலும் வந்திருப்பதால் ஆரம்பம் உங்களுக்குப் பழகியதாகவே இருக்கலாம். பழகியது என்பதால் தள்ளிவிடாதீர்கள். ஆரம்பப் பத்து விநாடி தெரிந்தவர்கள் நிறையப் பேர், முழுதாகக் காது கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரே வேகத்தில் சுரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. முதல் தடவை கேட்கும்போது மேலே ஓடுகிறதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றின் முதல் சுரத்தை, அடியில் விழுகிறதை மட்டும் பிடியுங்கள். முதல் நான்கு அளவைகளுக்கு (அளவை என்றால் நம் தாள ஆவர்த்தம் போன்றது) அது மாறவே மாறாது, ஜி தந்தியின் வெறும் சத்தம், தம்பூராவின் ஆதார சட்ஜம் போல அப்படியே நிற்கும். அதன் மேலே மற்ற சுரங்கள் மெல்ல நகரும், விலகும், திரும்ப வீடு வந்து சேரும். ஐந்தாவது அளவையில் அந்த ஆதாரம் முதல் தடவையாக அசைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இன்னும் கொஞ்சம் போனால் கர்நாடக சங்கீதம் கேட்டவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கிறது. ஜி மேஜர் என்பது நமக்குச் சங்கராபரணத்தின் சுரங்கள்தான். ஆனால் சீக்கிரமே சுத்த மத்யமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரதி மத்யமம் தலைகாட்டும். ராகம் கெட்டுவிட்டதே என்று காது முகம் சுளிக்கும். கெடவில்லை. பாக் நம்முடைய ச-வையே நகர்த்திக்கொண்டு போகிறார், ப இருந்த இடம் கொஞ்ச நேரத்துக்குப் புது ச ஆகிறது. கிரக பேதம் கேட்டவர்களுக்கு இந்த உணர்வு முழுக்க அந்நியமாக இருக்காது, அங்கே அதே சுரங்களை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மாற்றுகிறார்கள், இங்கே சுரமும் சேர்ந்து மாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மேற்கத்திய இசை நம் காதுக்கு எங்கோ அலைவது போலத் தோன்றுவதற்குக் காரணமே பெரும்பாலும் இதுதான்: ஆதாரம் ஓரிடத்தில் நிற்காது, பயணம் போகும், கடைசியில் திரும்பி வரும். இது ஒன்று புரிந்துவிட்டால் மற்ற எல்லாப் பாட்டும் திறந்துகொள்ளும். அதனால் இந்த இரண்டரை நிமிஷத்தில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை.

பாதி வழியில் ஓட்டம் ஒரே ஒரு சுரத்தில் நிற்கும். மூச்சு வாங்குகிற இடம். அதற்கப்புறம் வேறு மனநிலை. கடைசிப் பகுதியில் ஒரு தந்தி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, அடுத்த தந்தியில் அரைச் சுரம் அரைச் சுரமாகப் படியேறும். இனி தாங்காது என்கிற உயரம் வந்ததும், முதலில் கேட்ட ஜி திரும்ப வந்து முழு நாதமாக விழும்.

சரி, இப்போது இதையே வேறு வேறு ஆட்கள் வாசிக்கக் கேளுங்கள். இதுதான் என் வழியில் முக்கியமான வேலை, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஸ்பெயினின் செல்லோ வித்வான் பாப்லோ கசால்ஸ் 13 வயதுப் பையனாக, 1890-ல், பார்சிலோனாவில் ஒரு கடையில் இந்தச் சூட்களின் பழைய பதிப்பைக் கண்டெடுத்தார். அதுவரை பெரும்பாலும் பயிற்சிப் பாடங்களாகவே நினைக்கப்பட்டவற்றை மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1936 முதல் 1939 வரை ஆறையும் பதிவு செய்தார். பதிவில் இரைச்சல் இருக்கும், பரவாயில்லை, சுரத்துக்குச் சுரம் அழுத்திப் பேசுகிற அந்த வில்லைக் கேளுங்கள். அடுத்து யோ-யோ மா. 1983, 1997, 2018 என்று மூன்று காலங்களில் அவருடைய முழுப் பதிவுகள் வெளிவந்தன, ஒரே மனிதர் வயதாக ஆக எப்படி மாறுகிறார் என்பதற்கு முதலும் கடைசியும் போதும். மூன்றாவது ஆனர் பில்ஸ்மா, 1979 பதிவு. அந்தக் காலத்து முறையில் அமைந்த செல்லோ, குடல் தந்தி, நடனத்தின் துள்ளல். பழைய முறையில் வாசிக்கிறவர்கள் சுருதியையும் அரைச் சுரம் இறக்கி வைத்துக்கொள்வது வழக்கம், திடுக்கிட வேண்டாம்.

மூன்று பேரும் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. பாக் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானது அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதி. அதில் எந்தெந்தச் சுரங்களை ஒரே வில்லில் சேர்த்து இழுக்க வேண்டும் என்ற வளைகோடுகள் பல இடங்களில் தெளிவாக இல்லை, மற்றப் பிரதிகள் வேறு மாதிரி சொல்கின்றன. எவ்வளவு சத்தமாக, எவ்வளவு மெல்ல என்ற குறிப்பு அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே ஒவ்வொரு வித்வானும் தானே முடிவு செய்தாக வேண்டும். நம் ஊரில் ஒரே கீர்த்தனைக்குப் பல பாடாந்தரம் இருப்பதைக் கேட்டவர்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.

ஒன்றாம் சூட்டின் மிச்சம்

பிரெல்யூட் மனதில் ஏறியபின் மற்ற ஐந்து பகுதிகளுக்குப் போங்கள். எல்லாம் நடனப் பெயர்கள்: அலமாண்ட், கூரான்ட், சராபாண்ட், மினுவெட், ஜிக். ஆறு சூட்களுக்கும் இதே வரிசைதான், மினுவெட் இடத்தில் மட்டும் மூன்றிலும் நான்கிலும் பூரே, ஐந்திலும் ஆறிலும் கவோட் வரும். சராபாண்ட் மெதுவானது, மூன்று தட்டு, இரண்டாவது தட்டில் கனம் உட்காரும், கையால் தொடையில் போட்டுப் பாருங்கள். மினுவெட் இரண்டு உண்டு, இரண்டாவதில் சட்டென்று நிழல் விழும், மைனருக்கு மாறுகிறது, பிறகு முதல் மினுவெட் திரும்ப வரும். முழுச் சூட்டும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிற டாக்ஸியில் கேட்க ஏற்றது என்று சொல்ல ஆசைதான், ஆனால் டாக்ஸியில் போடுகிற பாட்டுக்கு முன்னால் எந்த செல்லோவும் எடுபடாது. வீட்டிலேயே கேளுங்கள்.

பியானோவோடு சில பாடல்கள்

இதற்கப்புறம் கொஞ்சம் இளைப்பாற, எல்லோருக்கும் பிடித்த சிறு பாடல்கள். இவற்றில் கஷ்டம் ஒன்றும் இல்லை, நேராக மனதுக்குள் போகும்.

சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய 'அன்னம்' முதலில். விலங்குகளின் திருவிழா என்ற பதினான்கு துண்டுகள் கொண்ட படைப்பில் ஒன்று இது. வேடிக்கைக்காக எழுதியதால் தன் பெயருக்குக் குறை வரும் என்று அவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவற்றை அச்சிட விடவில்லை, அன்னத்தை மட்டும் அனுமதித்தார். அடியில் பியானோ தண்ணீராக அலையும், மேலே செல்லோ ஒரே நீண்ட மூச்சாகப் போகும். வில் திசை மாறுகிற இடத்தைக் காதால் கண்டுபிடிக்க முயற்சி செய்யுங்கள். நல்ல வித்வான் வாசித்தால் கண்டுபிடிக்க முடியாது.

ஃபோரேயின் எலெஜி 1880-ல் எழுதியது, துக்கப் பாட்டு, சி மைனர். முதல் வரி உரத்த குரலில் வரும், உடனே அதே வரி மிக மெல்ல. துக்க வீட்டில் முதலில் வாய்விட்டு அழுதவர் பிறகு தனக்குள்ளே அழுவதைப் பார்த்திருக்கிறோம். இந்தப் பாட்டை விளக்க எனக்கு இதற்குமேல் சொல் கிடைக்கவில்லை. அதே ஃபோரேயின் 'ஒரு கனவுக்குப் பின்' என்ற பாட்டை, 2018 மே மாதம் இங்கிலாந்து இளவரசர் ஹாரியின் கல்யாணத்தில் ஷேக்கு கானே-மேசன் வாசித்தார், டிவியில் பார்த்தவர்கள் பலர் செல்லோ பக்கம் வந்ததே அந்த நாளில்தான். அன்று அவர் வாசித்த இன்னொன்று 'சிசிலியென்'. பாரடிஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண் இசையமைப்பாளர் பெயரில் வழங்குகிறது, ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சாமுவேல் துஷ்கின் என்ற வயலின்காரர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். யார் எழுதினால் என்ன, அழகானது.

ராக்மானினோவின் வோகலீஸ், சொல்லே இல்லாமல் பாடுவதற்கு எழுதிய பாட்டு, செல்லோவுக்குப் பொருந்திப்போனது. கசால்ஸ் பிரபலமாக்கிய 'பறவைகளின் பாட்டு' கத்தலோனிய நாட்டுப் பாடல். 1971-ல், 94 வயதில், ஐக்கிய நாடுகள் சபையில் அதை வாசித்தார். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள். பிராங்கோவின் ஆட்சி காரணமாகச் சொந்த நாட்டை விட்டு வந்தவர், பல வருஷம் ஊர் திரும்பாதவர். தாய்நாட்டை விட்டுக் கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த மூன்று நிமிஷத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று தெரியாது, பெரியவர்கள்தான் முதலில் பதில் அனுப்புகிறார்கள்.

திரும்பவும் துணையில்லாமல்

இப்போது பாக்கிடம் திரும்புங்கள். மூன்றாம் சூட்டை எடுங்கள். சி மேஜர், அடித் தந்தியின் சொந்தச் சுருதி, அதனால் வாத்தியம் முழுக்கத் திறந்து ஒலிக்கும். முதல் வரியே உயரத்திலிருந்து படிப்படியாக இரண்டு ஸ்தாயி இறங்கி அடித் தந்தியில் வந்து உட்காரும். தந்திகளை முதலில் பழகிக்கொள்ளச் சொன்னது இதற்காகவும்தான். இரண்டாம் சூட் டி மைனர். நடபைரவியும் கீரவாணியும் மாறி மாறி வருவது போல நம் காதுக்குத் தோன்றும்.

ஐந்தாம் சூட்டை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். இதில் மேல் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கிச் சுருதி சேர்க்கச் சொல்கிறார் பாக், அதனால் வாத்தியத்தின் குரலே இருண்டுபோகிறது. அதிலுள்ள சராபாண்ட் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் விட எனக்கு மேலானது. ஒரு நேரத்தில் ஒரு சுரம், அவ்வளவுதான். இரண்டு தந்தி சேர்ந்து ஒலிப்பது ஓரிடத்தில்கூடக் கிடையாது. இருபதே அளவைகள். கீழே ஆதாரம் இல்லை, நாம்தான் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். விருத்தம் பாடுகிறவர் தாளமில்லாமல் ஒரு சொல்லில் நின்று அடுத்த சொல்லைத் தேடிப் போகும் நேரத்தில் சபை எப்படி அமைதியாக இருக்கும், அந்த அமைதியோடு கேட்க வேண்டியது. ரஷ்ய செல்லோ வித்வான் ராஸ்ட்ரோபோவிச் 1991-ல் பிரான்சின் வெசலே தேவாலயத்தில் ஆறு சூட்களையும் பதிவு செய்தார், காணொளியாகவும் இருக்கிறது. அந்தக் கல் மண்டபத்தின் எதிரொலியில் இந்தச் சராபாண்டைக் கேளுங்கள்.

நான்காவதும் ஆறாவதும் பிறகு வந்தால் போதும். ஆறாவது ஐந்து தந்தி வாத்தியத்துக்கு எழுதியது, நான்கு தந்தியில் வாசிக்கிறவர்கள் கட்டைவிரலையும் மேலே ஏற்றிப் போராடுவதைக் காணொளியில் பார்க்கவே வியப்பாக இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டுக்கும், நம் நாட்டுக்கும்

பாக்குக்குப் பிறகு இருநூறு வருஷம் வரையில் துணையில்லாத செல்லோவுக்குப் பெரிதாக நிலைத்த படைப்புகள் வரவில்லை. அந்த மௌனத்தைப் பலமாக உடைத்தது ஹங்கேரியின் சோல்தான் கோதாய், 1915-ல் எழுதிய ஓப்பஸ் 8 சொனாட்டா. கீழ்த் தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்கி, கிராமத்துப் பாட்டையும் கிராமத்து வாத்தியங்களையும் ஒரே செல்லோவுக்குள் கொண்டுவந்தார். வில்லால் இழுத்துக்கொண்டே இடது கை விரலால் மீட்டுகிற இடங்கள் வரும், இரண்டு பேர் வாசிப்பதாகவே நினைப்பீர்கள். அரை மணி நேரப் படைப்பு. மூன்றாவது பகுதியிலிருந்து தொடங்குங்கள், நடனம் அது, புதியவர்களைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். யானோஷ் ஸ்டார்க்கர் வாசித்ததைக் கேட்டால் போதும்.

இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ராஸ்ட்ரோபோவிச்சுக்காக 1964, 1967, 1971-ல் மூன்று சூட்கள் எழுதினார். மூன்றாவதில் ஒரு விசேஷம்: ரஷ்யப் பாடல்களையும், இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பாடும் பழைய துதி ஒன்றையும் துண்டு துண்டாக உள்ளே ஒளித்து வைத்திருப்பார், கடைசியில்தான் அவை முழு உருவில் வெளியே வரும். முதலில் முடிவை மட்டும் கேட்டுவிட்டு, பிறகு ஆரம்பத்திலிருந்து கேளுங்கள். ஸ்பெயினின் கஸ்பார் கசாடோ எழுதிய சூட் இதைவிட எளிது, ஸ்பானிய நடனம், இடையில் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.

அப்புறம் கட்டாயம் ஏபல் செலாஓகோ. 1992-ல் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே செபோகெங் டவுன்ஷிப்பில் பிறந்தவர். சொவேட்டோவில் செல்லோ கற்று, பிறகு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் படித்தார். செல்லோ வாசித்துக்கொண்டே பாடுகிறார், தொண்டையின் ஆழத்திலிருந்து ஒரு குரல், மேலே இன்னொன்று, வில்லைத் தாள வாத்தியமாக மாற்றுகிறார், உடம்பையும் தட்டுகிறார். 2022-ல் வந்த அவருடைய முதல் ஆல்பமான 'ஹே கே காயே'-யில் சொந்தப் பாடல்களோடு பாக்கும் இருக்கிறது, ஒன்றுக்கொன்று அந்நியமாகத் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். செல்லோ ஐரோப்பாக்காரர்களுக்குத்தான் என்று வீட்டில் யாராவது சொன்னால் பேச்சை வளர்க்காமல் இதைப் போட்டுக் காட்டுங்கள். பாடிக்கொண்டே வாசிக்கிற வழியில் இத்தாலியின் ஜொவான்னி சோலிமா எழுதிய 'லமெண்டாசியோ'வும் ஒரு நல்ல துணை.

செல்லோவில் கமகம் வருமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். கழுத்தில் வீணைக்கு இருப்பது போல மெட்டு இல்லாத வாத்தியம், விரல் தாராளமாக வழுக்கும், வராமல் என்ன. நெதர்லாந்தில் பிறந்த சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் செல்லோவையே மாற்றியமைத்து, தரையில் உட்கார்ந்து இந்துஸ்தானி வாசிக்கிறார். அவருடைய ஆலாபனையைக் கேட்டுவிட்டு உடனே பாக்கின் ஐந்தாம் சராபாண்டைக் கேட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று வெளிச்சம் காட்டும்.

நேரில் கேட்பது

டர்பனில் இருப்பவர்கள் க்வாசூலு-நடால் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் பருவ நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, செல்லோ கன்சர்ட்டோ இருக்கிற வாரத்தில் போங்கள். எல்கர் வைக்கப்போகிறார்கள் என்றால் அதற்கு முந்திய வாரம் வீட்டில் கேட்டுப் பழகிவிட்டுப் போவது நல்லது. ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் இசைப் பிரிவு இருக்கிறது, அங்கே நடக்கிற சிறிய கச்சேரிகளில்தான் துணையில்லாத செல்லோ கேட்க வாய்ப்பு அதிகம். வெளியூர் போக முடிந்தால் ஜூலையில் ஸ்டெல்லன்போஷ் சேம்பர் மியூசிக் விழா. முன் வரிசைகளில், நடுவில் இடம் பிடியுங்கள். மூச்சு வாங்குவது, விரல் பலகையில் விரல் விழுவது, வில்லின் மயிர் தந்தியைக் கவ்வுவது எல்லாம் அங்கே கேட்கும், பதிவில் கிடைக்காதவை அவை. ஒரு பகுதி முடிந்ததும் கை தட்டாமல், வித்வான் வில்லைக் கீழே இறக்கும்வரை பொறுத்திருப்பது அங்கத்திய வழக்கம். சபாஷ் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது நமக்குக் கஷ்டம்தான்.

வாசிக்கவே ஆசை வந்துவிட்டால்

பிள்ளைகளுக்கு என்றால் வாடகை செல்லோதான் சரி, முதலில் வாங்காதீர்கள். கால், அரை, முக்கால் என்று அளவுகள் உண்டு, பிள்ளை வளர வளர மாற்ற வேண்டி வரும். பெரியவர்களுக்கு முழு அளவு. மலிவானதை வாங்கினால்கூடத் தந்திகளைத் தாங்குகிற மரப் பிரிட்ஜையும் தந்தியையும் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள், தந்தி பலகையிலிருந்து ரொம்ப உயரமாக நின்றால் விரல் வலிக்கும், பிள்ளை ஒரு மாதத்தில் விட்டுவிடும். டர்பன் வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகவே கூடாது, மரத்தை ஒட்டிய பசை இளகிவிடும். கோடை ஈரத்தில் மரம் உப்பி முறுக்காணி இறுகும். அதே வாத்தியத்தைக் குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோனால் அந்த வறட்சியில் மரம் சுருங்கி, முறுக்காணி வழுக்கி, சமயத்தில் வெடிப்பே விழும். அங்கே இருப்பவர்கள் பெட்டிக்குள் ஈரப்பதம் தருகிற குழாய் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

அக்கா மகள் பள்ளியில் செல்லோ எடுத்திருக்கிறாள், அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பாக்கில் கை வைக்கும் நாள் வந்ததும் பிரெல்யூடில் ஆரம்பிக்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். ஒன்றாம் சூட்டின் மினுவெட்களில் ஆரம்பியுங்கள். கையும் பழகும், நடன நடையும் பிடிபடும். அடுத்து மூன்றாம் சூட்டின் பூரே. பிரெல்யூடுக்கு வரும்போது எழுதியிருப்பதை அப்படியே வாசிக்காமல், முதலில் ஒவ்வொரு அரை அளவைக்கும் அடிச் சுரத்தை மட்டும் நீளமாக இழுங்கள். கடைசிவரை அப்படியே போங்கள். பிறகு மேலே வருகிற சுரங்களை அதோடு சேர்த்து, சேர்ந்து ஒலிக்கக்கூடிய இடங்களில் இரண்டு தந்தி சேர்ந்த நாதமாக இழுங்கள். மூன்றாவதாகத்தான் எழுதியபடி. வலது முழங்கை தந்திக்குத் தந்தி எவ்வளவு குறைவாக அசைகிறதோ அவ்வளவு நல்லது. சுரக் குறிப்பு ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அன்னா மக்தலேனாவின் கைப்பிரதியும் அங்கே இருக்கிறது, அதையும் இறக்கி ஆசிரியரிடம் காட்டி, எந்த வளைகோட்டை எடுத்துக்கொள்வது என்று கேளுங்கள். அன்னத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், கேட்க எளிதாக இருந்தாலும் அவ்வளவு மெதுவாக வில்லை இழுத்து நாதம் உடையாமல் காப்பதற்கு வருஷங்கள் பிடிக்கும்.